ஓயா நண்டுகளைக் கொல்வது நுளம்பு விரட்டியா?

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

சேர், நல்லதண்ணிக்குக் கொஞ்சம் கீழே ரோட்டோரமாக நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறோம். சிவனொளிபாதமலை சீசனில் அறை காலியாக இருக்காது. வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓயாவில், அதாவது சிற்றாற்றில், கல் அடுக்கித் தண்ணீரைத் தேக்கிக் குளிக்க இடம் செய்திருக்கிறோம். நீளம் ஐந்து மீற்றர், அகலம் நாலு மீற்றர், இடுப்பளவு ஆழம் இருக்கும். வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் நுளம்பு விரட்டியை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு அப்படியே இறங்குகிறார்கள். தண்ணீர் மேல் மினுமினுவென்று எண்ணெய் மாதிரிப் படர்கிறது. போன மாசி, பங்குனியில் சில திங்கட்கிழமை காலைகளில் போய்ப் பார்த்தால் நண்டுகள் கரைக் கல்லில் மல்லாந்து கிடந்தன. கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. குட்டி இறால்களும் செத்துக் கிடந்தன. தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. டீட் என்கிற விஷம்தான் காரணம் என்று ஒரு விருந்தாளி சொன்னார். விரட்டி பூசியவர்கள் இறங்கக் கூடாது என்று போர்டு போடலாமா? அதற்குப் பதிலாக இயற்கை எண்ணெய் வாங்கி வைத்தால் போதுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் அங்கேதான் அறைத் துணி, நுளம்பு வலை துவைக்கிறோம், நாய் இரண்டையும் உண்ணிக்கு மருந்து போட்டுக் குளிப்பாட்டுகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் இதே தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆகுமா?

தம்பி,

போர்டைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் உங்கள் நண்டுகளைக் கொன்றது விருந்தாளிகளின் விரட்டி என்று எனக்குப் படவில்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஞாயிற்றுக்கிழமை வலையும் நாயும் என்று, அங்கேதான் என் கண் நின்றது. அதற்கு முன் விரட்டியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். யாரையும் சும்மா குற்றம் சாட்டவும் கூடாது, சும்மா விடவும் கூடாது.

டீட் என்பது 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கிய மருந்து. 1957இலிருந்து பொதுமக்கள் பாவிக்கிறார்கள். நுளம்பைக் கொல்வதற்கான சாமான் அல்ல அது, நம்மைக் கடிக்க விடாமல் அதன் மோப்பத்தைக் கெடுப்பது. தோலில் பூசியதில் சிறு பங்குதான் உடம்புக்குள் போகும். மிச்சம் வியர்வையோடும் குளியலோடும் தண்ணீருக்குத்தான் வந்து சேர்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1999, 2000ஆம் ஆண்டுகளில் 139 ஓடைகளில் தண்ணீர் எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு எழுபதுக்கும் மேலான மாதிரிகளில் டீட் இருந்தது. ஆகவே அது ஆற்றுக்குப் போகிறது என்று உங்கள் விருந்தாளி சொன்னது சரி. ஆனால் அங்கே கிடைத்த அளவுகள் மிகச் சிறியவை. பெரும்பாலும் லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. மைக்ரோகிராம் என்றால் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

உங்கள் குளிக்கும் இடத்தில் 20 ஆயிரம் லீற்றர் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 20 வீத விரட்டியில் மூன்று கிராம் பூசுகிறார் என்றால் அதில் டீட் 600 மில்லிகிராம். பாதி கழுவப்பட்டால் 300. பத்துப் பேர் ஒன்றாக இறங்கினால் 3,000 மில்லிகிராம். லீற்றருக்கு 0.15 மில்லிகிராம் வருகிறது. ஆய்வுகூடத்தில் ட்ரவுட் மீனில் பாதியை நான்கு நாளில் கொல்ல லீற்றருக்குச் சுமார் 75 மில்லிகிராம் டீட் தேவைப்பட்டது. தண்ணீர்த் தெள்ளு என்கிற சின்ன ஓட்டுயிருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது பத்துப் பேர் பூசி இறங்கிய பிறகும் உங்கள் தேக்கம் அந்த அளவுக்கு 500 மடங்கு கீழே நிற்கிறது. தண்ணீர் ஓடிக்கொண்டும் இருக்கிறது. விநாடிக்குப் பத்து லீற்றர் வந்தால் ஒரு தேக்கத் தண்ணீர் வந்து சேர அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் போதும்.

ஆனால் மாசி, பங்குனியில் அது விநாடிக்கு ஒரு லீற்றர் ஆகிவிட்டால் ஐந்தரை மணித்தியாலம் பிடிக்கும். யாத்திரைக் காலமும் தண்ணீர் வற்றுகிற காலமும் உங்கள் பக்கத்தில் ஒன்றாக வருவதுதான் தொல்லை. மார்கழிப் போயாவிலிருந்து வைகாசிப் போயாவரை சனம் வருகிறது, ஓயாவோ நடுவில் மெலிந்து போகிறது. தென்மேற்கு மழை பிடித்த பிறகு நீங்கள் என்ன கழுவினாலும் அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது உங்களிடம் விருந்தாளிகளும் குறைவு.

மேலே படர்கிற மினுமினுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது வெயிலுக்குப் பூசுகிற கிறீம், விரட்டியோடு கலந்த எண்ணெய்கள். சில வேளை ஆள் இறங்காத நாளிலும் ஊற்று ஓரத்தில் அப்படித் தெரிந்தால் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்புச் சத்தில் வாழும் பக்டீரியா செய்த படலம், பயப்பட ஒன்றுமில்லை. உடையாமல் சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய்.

சரி, அப்படியானால் விரட்டி சுத்தமானவரா? அப்படியும் நான் எழுதித் தர மாட்டேன். இப்போது டீட்டுக்குப் பதில் பிகாரிடின் என்கிற மருந்துள்ள விரட்டிகள் நிறைய வருகின்றன. மணம் குறைவு, பிளாஸ்டிக்கைக் கரைக்காது, அதனால் மலையேறுகிறவர்களுக்குப் பிடிக்கும். ஐரோப்பியப் போத்தல்களில் இகாரிடின் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். நான்கு நாள் சோதனையில் இதுவும் மீனுக்குப் பெரிய தீங்கில்லாத மருந்தாகத்தான் தெரிந்தது. 2018இல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் கடையில் விற்கும் விரட்டிகளையே வாங்கி, குளங்களில் இருக்கக்கூடிய அளவுக்குக் கரைத்து, அதில் சலமந்தர்க் குஞ்சுகளை விட்டார்கள். சலமந்தர் என்பது தவளைக்கு உறவான, பல்லி உருவத்தில் இருக்கும் பிராணி, நம் நாட்டில் இல்லை. முதல் நான்கு நாளில் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமான சோதனை அங்கேயே முடிந்திருக்கும். இவர்கள் விடாமல் 25 நாள் பார்த்தார்கள். பிகாரிடின் விரட்டி இருந்த தொட்டிகளில் 45 முதல் 65 வீதம் வரை குஞ்சுகள் செத்துப்போயின, சிலவற்றின் வால் கோணியது. டீட் இருந்த தொட்டிகளில் அப்படி நடக்கவில்லை. இதில் கவனிக்க ஒன்று உண்டு. போத்தலில் இருப்பது பிகாரிடின் மட்டுமல்ல, வேறு சேர்மானங்களும் உண்டு. குற்றம் எதனுடையது என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை. நம் தவளைகளுக்கும் அப்படியே நடக்கும் என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் நான்கு நாளில் சாகவில்லை என்பதை வைத்துக்கொண்டு நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுக்கிற பழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. சலமந்தர்க் குஞ்சு நுளம்புக் குடம்பிகளையும் தின்னும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் போர்டைப் போடச் சொன்னேன். ஆனால் விரட்டி செய்யக்கூடிய கெடுதி மெதுவானது. குஞ்சு வளராது, வால் கோணும், மூன்று கிழமை கழித்துக் காணாமல் போகும். நீங்கள் பார்த்தது வேறு. ஓர் இரவுக்குள் நண்டு தண்ணீரை விட்டு ஏறி வந்து, மல்லாந்து, கால் வெட்டி இழுத்துச் சாகிறது. இறாலும் கூடவே சாகிறது. தலைப்பிரட்டை தப்புகிறது. இந்த வரிசை எனக்கு நன்றாகத் தெரிந்த வரிசை.

அது பைரித்ராய்ட் என்கிற பூச்சிகொல்லிக் குடும்பத்தின் கைவரிசை. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அலெத்ரின், டிரான்ஸ்புளுத்ரின் என்று பெயர்கள் பெரும்பாலும் 'த்ரின்' என்று முடியும். நுளம்புச் சுருளிலும், கரண்டில் போடும் குப்பியிலும், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும், மருந்து தோய்த்த நுளம்பு வலையிலும், மலையேறுகிறவர்கள் போடும் சில காற்சட்டைகளிலும், நாய்க்குப் போடும் பல உண்ணி மருந்துகளிலும் இவைதான். கடையில் விரட்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். சனம் எல்லாவற்றையும் நுளம்பு மருந்து என்ற ஒரே பெயரில்தான் வாங்குகிறது. ஆனால் டீட் மில்லிகிராம் கணக்கில் செய்யாததை இவை மைக்ரோகிராம் கணக்கில் செய்யும். ட்ரவுட் மீனுக்கு டெல்டாமெத்ரின் லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே போதும். பெர்மெத்ரின் என்றால் சில மைக்ரோகிராம்.

நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் வாசல்கள் திறந்து உடனே மூட வேண்டும். இந்த மருந்து மூட விடாமல் பிடித்துவைக்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது, அதுதான் நீங்கள் பார்த்த கால் இழுப்பு. மனிதரின் ஈரலும் நாயின் ஈரலும் இதை வேகமாக உடைத்துவிடும், அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் அவ்வளவு வேகமாக உடைக்காது, மூச்சு விடும் பூவின் (செவுளின்) வழியாக நேரே உள்ளே இழுத்தும் கொள்ளும். நண்டும் இறாலும் பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள், ஆகவே பூச்சிக்கு வைத்த மருந்து அவர்களுக்குத் தப்பாமல் பிடிக்கும். தவளை இனம் பொதுவாக மீனைவிடக் கொஞ்சம் தாங்கும். (வீட்டில் பூனை இருந்தால் நாய்க்குப் போடும் பெர்மெத்ரினை அதன் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பூனையின் ஈரலுக்கும் அதை உடைக்கத் தெரியாது, செத்துப்போகும்.)

இன்னொன்று மலைநாட்டுக்கே உரியது. பெரும்பாலான விஷங்கள் சூட்டில் வேகமாக வேலை செய்யும். பைரித்ராய்ட் நேர்மாறு. தண்ணீர் குளிரக் குளிர அதன் வீரியம் கூடும். கீழ்நாட்டு வெதுவெதுப்பான குளத்தில் சமாளித்துவிடக்கூடிய அளவு, உங்கள் ஓயாவின் விடிகாலைக் குளிரில் கொல்லும் அளவாகிவிடலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. மருந்து தோய்த்த வலைகளில் சதுர மீற்றருக்கு 55 மில்லிகிராம் டெல்டாமெத்ரின் என்பது வழக்கமான ஓர் அளவு. வலை 13 சதுர மீற்றர் என்றால் மொத்தம் 700 மில்லிகிராம் சொச்சம். நூற்றில் ஒரு பங்கு மட்டும் கழன்று வந்தது என்று வைத்தாலும் ஏழு மில்லிகிராம். 20 ஆயிரம் லீற்றரில் அது லீற்றருக்கு 0.35 மைக்ரோகிராம். ஒரே ஒரு வலைக்கு இது, உங்களிடம் நாலு அறை இருக்கிறது. நாய்க் கணக்கு இதைவிட மோசம். ஒரு வீதம் பெர்மெத்ரின் உள்ள ஷாம்பு 20 மில்லிலீற்றர் என்றால் 200 மில்லிகிராம். அது முழுவதும் ஓயாவில் இறங்கினால் லீற்றருக்குப் பத்து மைக்ரோகிராம். இரண்டு நாய்க்கு இருபது. நண்டு துடிக்காமல் என்ன செய்யும்?

உண்மையில் கொஞ்சம் மண்ணிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஓட்டத்தோடு போகும், ஆகவே இந்த எண்கள் மேல்வரம்புதான். பாதி, கால்வாசி என்று குறைத்துப் பாருங்கள், அப்போதும் தப்ப முடியாது. நீங்கள் வாங்கும் உண்ணி மருந்து எது என்று எழுதவில்லை. போத்தலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் பாருங்கள். த்ரின் என்று முடிந்தால் என் சந்தேகம் பலப்படும். அமிட்ராஸ், ஃபிப்ரோனில் என்றிருந்தாலும் ஆற்றுக்கு ஆகாதவைதான். இங்கிலாந்தில் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்த தண்ணீர் மாதிரிகளில் 98 வீதத்தில் ஃபிப்ரோனில் இருந்தது. அங்கே வயலுக்கு அந்த மருந்தை அடிப்பதே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. நாய், பூனைகளின் கழுத்தில் விடும் தெள்ளு மருந்து வழியாக வந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு.

நண்டுக்காக இவ்வளவு எழுதுவானேன் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். இலங்கையில் நன்னீர் நண்டு இனங்கள் சுமார் ஐம்பது. ஏறக்குறைய அத்தனையும் உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை, சில இனங்கள் ஒரே ஒரு மலைப்பகுதியில் மட்டும் இருப்பவை. கடல் நண்டு முட்டையிட்டால் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து எங்கெங்கோ போகும். இந்த நண்டுகள் அப்படியல்ல. தாயின் வயிற்று மடலுக்குள்ளேயே முட்டை பொரித்து, குட்டி நண்டாகவே வெளியே வரும். பெண் நண்டு ஒன்றை மெல்லத் திருப்பி வயிற்று மடலை விலக்கினால் சில நேரம் அரிசிமணி அளவில் நூறு குட்டிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தூரப் பயணம் கிடையாது. பூச்சி இனங்கள் பறந்து வந்து முட்டையிட்டு ஒரு சில மாதத்தில் ஓயாவை மறுபடி நிரப்பிவிடும். நண்டு அப்படி நிரம்பாது. பக்கத்து ஓடையிலிருந்து நடந்து வர வேண்டும், வருஷங்கள் ஆகும்.

இனிச் செய்ய வேண்டியது. வலையும் நாயும் ஓயாவுக்குப் போவதை இந்தக் கிழமையோடு நிறுத்துங்கள். வலையைப் பெரிய பேசினில், தேய்க்காமல், சாதாரண சவர்க்காரத்தில் துவையுங்கள். வருஷத்தில் சில தடவைக்கு மேல் துவைக்கவும் வேண்டாம், துவைக்கத் துவைக்க மருந்தும் போகிறது, வாங்கிய காசும் போகிறது. அந்தத் தண்ணீரை ஓயாவிலிருந்தும் பீலியிலிருந்தும் தள்ளி, மண்ணில் குழி வெட்டி ஊற்றுங்கள். பைரித்ராய்ட் மண்ணில் இறுக ஒட்டிக்கொள்ளும், அங்குள்ள நுண்ணுயிர்கள் மெல்ல உடைக்கும். தண்ணீரில் பேய், மண்ணில் சாது. நாயையும் வீட்டுப் பக்கம் மண் தரையிலேயே குளிப்பாட்டுங்கள், மருந்து போட்ட சில நாளைக்கு ஓயாவில் இறங்க விடாதீர்கள். முடிந்தால் மிருக வைத்தியரிடம் கேட்டு வாயால் கொடுக்கும் உண்ணி மாத்திரைக்கு மாறலாம். விலை கூடத்தான்.

நிறுத்தினால் மட்டும் போதாது, என் சந்தேகம் சரிதானா என்றும் பார்க்க வேண்டும். மேலே தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் டாங்கியை ஓயாவில் கழுவியிருக்கலாம். மரக்கறித் தோட்டம் இருந்தால் அங்கே அடிப்பதும் பெரும்பாலும் இதே த்ரின்கள்தான். தேக்கத்துக்கு மேலே ஐம்பது மீற்றர் போய், கையளவுக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். மூன்று வால் உள்ள தட்டையான பூச்சிகள் பக்கவாட்டில் ஓடும். மணலையும் பொடிக்கற்களையும் ஒட்டிக் குழாய் மாதிரி வீடு கட்டிய புழுக்கள் அசையாமல் ஒட்டியிருக்கும். பத்துக் கல்லில் எத்தனை என்று எண்ணிவிட்டு, தேக்கத்துக்குக் கீழேயும் அதே மாதிரிப் பத்துக் கல் பாருங்கள். மேலே நிறைய, கீழே வெறும் கல் என்றால் காரணம் உங்கள் வீட்டுப் படிக்கட்டில் இருக்கிறது. இரண்டு இடமும் வெறுமை என்றால் காரணம் மேலே இருக்கிறது, நான் நாயின் மேல் போட்ட பழியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மாதம் ஒரு தடவை இப்படிப் பாருங்கள். நாலு நாள் பார்த்துவிட்டு எழுத வேண்டாம்.

மறுபடி நண்டு செத்தால், அதைக் கையுறை போட்டு எடுத்து அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வையுங்கள். தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள், பிளாஸ்டிக்கின் சுவரில் இந்த மருந்து ஒட்டிக்கொண்டு சோதனையில் தப்பிவிடும். தேதி, நேரம், முதல் நாள் அங்கே என்ன நடந்தது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். மேலேயிருந்து வருகிறது என்று தெரிந்தால் முதலில் தோட்ட நிர்வாகத்தோடு பேசுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள், அதற்கும் மேல் மத்திய சுற்றாடல் அதிகார சபை இருக்கிறது. கையில் மாதிரியும் தேதியும் இருந்தால் உங்கள் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கல் அணை. ஓயாக் கற்களைப் பிடுங்கி அடுக்கும்போது நண்டின் வீட்டைத்தான் பிடுங்குகிறீர்கள், தேங்கிய தண்ணீரில் எது கலந்தாலும் அங்கேயே நின்று வேலை செய்கிறது. முழுதாக உடைக்கச் சொல்லவில்லை. நடுவில் ஒரு வாசல் திறந்து விடுங்கள், ஓட்டம் நிற்காமல் இருக்கட்டும்.

விருந்தாளிகளுக்குப் போர்டில் 'விரட்டி பூசாதீர்கள்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் நமக்குச் சான்று கொடுத்தது உண்மை. ஆனால் அடுத்த வருஷமே டெங்கு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு மேல் பிடித்தது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், மலைநாடு என்று பார்த்து ஒதுங்குகிற ஜாதியும் அல்ல. ஆகவே வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் குளியுங்கள், துடைத்த பிறகு பூசுங்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் அறைக் குளியலறையில் கழுவிவிட்டு இறங்குங்கள். அந்தத் தண்ணீர் போகிற குழாயின் மறுமுனையைப் போய்ப் பாருங்கள் தம்பி, அது உறிஞ்சு குழிக்குப் போகாமல் ஓயாவிலேயே முடிந்தால் போர்டால் ஒரு பிரயோசனமும் இல்லை.

மலைப் பாதையில் காலில் ஏறுகிற அட்டைக்கென்று தோலில் எதுவும் பூசத் தேவையே இல்லை. நெருக்கமாக நெய்த நீளச் சாக்ஸ் முழங்கால்வரை போட்டு, காற்சட்டையை அதற்குள் செருகினால் அட்டையால் துளைக்க முடியாது. கொழுந்து மலைக்குப் போகிற நம் பெண்கள் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காய்ந்த சவர்க்காரக் கட்டியைக் காலில் தேய்த்துக்கொள்வதும் நல்ல வழிதான். விடுதியில் நாலைந்து சோடி சாக்ஸ் வைத்து வாடகைக்கே விடலாம்.

இயற்கை எண்ணெய் கேட்டிருந்தீர்கள். பெங்கிரி எண்ணெய் (சிட்ரொனெல்லா) நம் நாட்டுச் சரக்கு, மணமும் நல்லது. ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பூச வேண்டியிருக்கும். அடிக்கடி பூசினால் தண்ணீருக்குப் போவதும் அடிக்கடிதான், வாசனை எண்ணெய்களும் சின்ன நீர்ப் பிராணிகளுக்கு ஆகாதவை. இயற்கை என்ற ஒரு காரணத்துக்காக நம்பாதீர்கள். இவ்வளவு நேரம் நான் திட்டிய பைரித்ராய்டின் மூலமே சாமந்திக் குடும்பத்துப் பைரித்ரம் பூ. அந்தப் பூவின் சாறும் மீனைக் கொல்லும், வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போவது மட்டும்தான் வித்தியாசம். எண்ணெயோ டீட்டோ, குளித்த பிறகு பூசுகிற ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

லயத்துப் பிள்ளைகளைப் பற்றி. விருந்தாளிகள் கழுவிய டீட் அவர்கள் குடத்துக்குப் போய்ச் சேரும்போது இருக்கிற அளவால் பிள்ளைகளுக்கு வருத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வலை, நாய்க் கழுவலும் மனித உடம்புக்கு அந்த அளவில் பயப்படும்படி இல்லை, ஆனாலும் குடிக்கிற தண்ணீரில் அதைக் கலக்கலாமா என்று யாரும் கேட்கவே தேவையில்லை. எனக்கு அதைவிடக் கவலை, நாலு அறை விடுதியின் கழிவறைக் குழி ஓயாவுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான். சீசனில் அது நிரம்பி வழிந்தால் வயிற்றோட்டம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வரும். கொதிக்க வைத்துக் குடித்தால் கிருமி சாகும், மருந்து போகாது. ஆகவே குழியைப் பார்த்து, தேவையானால் சீசனுக்கு முன்பே இறைத்துவிடுங்கள். லயத்துக்காரர்களிடமும் நேரில் போய்ப் பேசி, அவர்கள் தண்ணீர் எடுக்கிற இடத்தை உங்கள் தேக்கத்துக்கு மேலே மாற்றிக் குழாய் இழுக்க முடியுமா என்று பாருங்கள். குழாய்ச் செலவில் பாதியை விடுதி ஏற்றுக்கொள்வது நியாயம் என்பது என் அபிப்பிராயம்.